கல்யாண வீடியோவைச் சூளையில் வைத்தவருக்கு

என்னங்க, நான் பெண்ணாடத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கல்யாண சிடி இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தீர்களே, பார்த்தேன். என் முகம் குளியலறை டைல்ஸ் போலக் கட்டம் கட்டமாக இருக்கிறது. உங்கள் தங்கை முகமும் அப்படித்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "ஒனக்குக் கம்ப்யூட்டரப் பத்தி என்னா தெரியும்?" என்று கத்தினீர்களே, அதுதான் வருத்தம்.

நம் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. "ரெண்டும் ஒரே மாதிரி ஃபைலுங்க. மாத்தாம அப்படியே ஒட்டியிருந்தா தெளிவு கொறஞ்சிருக்காது. சாரு மறுபடியும் கன்வெர்ட் பண்ணிட்டாரு" என்று சிரித்தார். செராமிக் கம்பெனியில் பதினைந்து வருடமாகச் சூளை பார்க்கிறீர்கள். கை உடைந்த பொம்மையை ஒட்டச் சொன்னால், இடித்து மாவாக்கி மறுபடியும் சுடுவீர்களா?

அசல் சிடிகள் என் பையில் இருக்கின்றன. தேட வேண்டாம்.

அன்புக்கரசி

பி.கு.: இரண்டாவது சிடியை முன்னால் ஒட்டியிருக்கிறீர்கள். தாலி கட்டி முடித்த பிறகு, பூவும் பழமும் தட்டில் ஏந்தி என்னை நிச்சயம் பண்ண வருகிறீர்கள். அதே மாதிரி வாங்க. பொண்ணு பெண்ணாடத்தில்தான் இருக்கிறாள்.