ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி

மல்வேர்ன், ரொறன்ரோ
16.05.2023

என் பேத்தி சுபாங்கிக்கு,

அம்மம்மா எழுதுகிறேன். கால் உளைவைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் பாடு எப்படி என்று நீ எழுதினால்தான் தெரியும். போனில் நீ கதைப்பது என் காது மெசினுக்குள் கொரகொரவென்று கேட்கிறது. ஆனபடியால் எழுது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் உனக்குத் தமிழ் எழுதப் பழக்கியவள் நான்தானே. பிழை விட்டாலும் விளங்கும்.

நீ ஜெனீவாவில் உலக நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போன கதை இந்தக் கட்டிடத்தில் தெரியாத ஆள் இல்லை. போன கிழமை பொன்னம்பலத்தாரின் மனைவி லிப்டுக்குள் வைத்து, "பெரிய இடம் எண்டியள், சம்பளம் இல்லையாமே?" என்று கேட்டா. அவ ஒரு பொங்கலுக்கு எல்லாருக்கும் அடிக்கரும்பு குடுத்துவிட்டு எனக்கு நுனிக்கரும்பைத் தெரிந்து தந்தவ. அது இன்னும் என் வாயில் கைக்கிறது. "என்ரை பேத்தி படிக்கப் போனவள், கூலிக்குப் போகேல்லை" என்று சொல்லிவிட்டு என் மாடி வர முதலே இறங்கிப் படியால் ஏறினேன். நீ தூதுவர்மாரோடு நிற்கிற படம் ஒன்று அனுப்பு. அவவுக்குக் காட்ட வேண்டும்.

உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல வந்தாள். லொபியில் நின்று கறிப்பெட்டியைத் தந்துவிட்டுப் போனாள். மூடியைத் திறவாமலே பெட்டியைப் பக்கத்து வீட்டு மெலனிக்குக் குடுத்துவிட்டேன். அவள் திருப்பித் தந்ததைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், வெறுமையாகத்தான் திருப்பிக் குடுப்பேன். சாப்பாடு வந்த ஏனத்தை ஒரு பிடி சீனியாவது போடாமல் திருப்பக் கூடாது என்று உனக்குச் சொல்லித் தந்தவள்தான் நான். அது மற்ற ஆட்களுக்கு. ஏன் என்று சின்னனில் கேட்டாய். இப்பவும் கேளாதே.

பட்டினி கிடக்காதே.

உன் அம்மம்மா
வள்ளிப்பிள்ளை

*

ஜெனீவா
02.06.2023

அன்பான அம்மம்மா,

உங்கள் கடிதம் வந்தது. படம் எடுத்தோம், ஆனால் அனுப்பவில்லை. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

இங்கே நாட்டுக்கு நாடு தன் தேசிய நாளுக்கு மாலை வரவேற்பு வைக்கும். சம்பளம் இல்லாத எங்களுக்கு அதுதான் இரவுச் சாப்பாடு. என்னோடு பயிற்சி பெறும் மரியோ, எந்த நாடு நன்றாகச் சாப்பாடு போடும் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை ஒரே மாலையில் மூன்று. முதலாவது ஏரிக்கரை மாளிகையில். தூதுவர் பேசி முடியும்வரை ஒருவரும் தட்டைத் தொடவில்லை, அவர் முடிக்கவும் இல்லை. இரண்டாவதில் ஒரு துண்டு சீஸ் கிடைத்தது. மூன்றாவதுக்கு என் மேலதிகாரி றிச்சர்ட் கூட்டிப் போனார். செப்டெம்பரில் சம்பளத்தோடு ஒரு வேலை வரப் போகிறது, உன்னை நாலு பேருக்குக் காட்டி வைக்கிறேன் என்றார். அம்மாவின் கறுப்புச் சட்டையைப் போட்டிருந்தேன். கழுத்தில் பெயர் மட்டை.

நடையில் பரிமாறும் தட்டோடு வந்த ஒருவர் அந்த மட்டையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பிள்ளை தமிழோ?"

"ஓம்."

"எவடம்?"

"ரொறன்ரோ."

"அது இப்ப. முந்தி எவடம்?"

"அம்மம்மா சுன்னாகம்."

"நான் ஏழாலை. கூப்பிடு தூரம். சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

"பொய் சொல்லாதேங்கோ. நான் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன். தட்டு உங்களிட்டை வர முதல் ஆரோ மறிக்கினம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவருடைய மட்டையில் அருள்நாயகம் என்று இருந்தது.

போகும் நேரம், கோட்டு எடுக்கும் இடத்தில் றிச்சர்டும் இரண்டு தூதுவர்களும் நான் எழுதிய அறிக்கையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அருள்நாயகம் கையில் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றோடு வந்தார். "பிள்ளை, மனிசி கட்டித் தந்த சோறு. அறையிலை சூடாக்கிச் சாப்பிடுங்கோ" என்று நீட்டினார். கறி மணம் எழும்பியது. ஒரு தூதுவர் அரை அடி பின்னால் போனார். "உனக்குத் தெரிந்தவரா?" என்று றிச்சர்ட் கேட்டார்.

இல்லை என்றேன். ஆள் மாறி வந்துவிட்டார் போல, எனக்கு அந்த மொழி தெரியாது என்றேன். எல்லாம் இங்கிலிஷில். அவருக்கும் இங்கிலிஷ் தெரியும் அம்மம்மா. "சொறி, மடம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொண்டு போனார்.

அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மனைவி கட்டித் தந்தது அவருடைய இரவுச் சாப்பாடு. அங்கே வந்திருந்த மரியோ அந்த நேரம் எடுத்த படத்தில் என் தோளுக்குப் பின்னால் அவர் அந்தப் பெட்டியோடு நிற்கிறார்.

உங்களிடம் எழுதப் பழகிய மொழியைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதிலேயே உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

சுபாங்கி

*

மல்வேர்ன்
15.06.2023

சுபாங்கி,

உன் கடிதத்தை ஒருதரம்தான் வாசித்தேன். திரும்ப எடுக்க மனம் வரவில்லை. நீ செய்தது எப்படி இருக்கும் என்று நீ எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெட்டி பிடித்த ஆளின் பக்கத்தில் நின்று நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

நீ பிறக்க முதல் நான் ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்துக் குசினியில் கோப்பை கழுவினேன். ஒரு சனிக்கிழமை மேசை துடைக்கிற ஆள் வரவில்லை. தலைக்கு வலையைப் போட்டு, கையில் வாளியைத் தந்து, என்னை மண்டபத்துக்குள் அனுப்பினார்கள். மேடைக்குக் கிட்ட ஒரு மேசையில் உன் அம்மா இருந்தாள். அப்போது வங்கியில் புது வேலை. கூட வேலை செய்கிறவளின் கலியாணம். மஞ்சள் சீலை, அரக்குக் கரை, நான் வாங்கிக் குடுத்தது. எனக்குச் சந்தோசப் புழுகம். "ராணி, கேக் எடுத்தனியோ?" என்று கேட்டேன். மேசையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். அவள் தன் கோப்பையை எடுத்து என் வாளிக்குள் வைத்தாள். "தாங்க் யூ" என்றாள். அதோடு பக்கத்தில் இருந்தவளோடு கதைக்கத் தொடங்கினாள்.

பெற்ற தாய்க்கு ஆர் தாங்க் யூ சொல்லுகிறது?

வீட்டுக்கு வந்து அவளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அன்றையிலிருந்து அவள் கையால் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. உன்னை வளர்க்க உங்கள் வீட்டுக்கு வரும்போது என் சோற்றை நானே கட்டிக்கொண்டு வருவேன். நீ அதை விரதம் என்று நினைத்தாய். நானும் விட்டுவிட்டேன். அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்துதான் ஞாயிறு தவறாமல் பெட்டியோடு வருகிறாள்.

இதை உனக்குச் சொல்லாமலே போய்ச் சேரலாம் என்று இருந்தேன். தாயைக் குறை சொல்லி உன்னை வளர்க்கக் கூடாது என்ற எண்ணம். இப்போது நீயும் அதே வேலையைச் செய்துவிட்டு அழுதுகொண்டு எழுதுகிறாய். அவளும் அன்றைக்கு அழுதிருப்பாளோ என்று நேற்று ஒரு யோசனை வந்தது. வந்த யோசனையை அதிலேயே விட்டுவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அந்த மனிசனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகாதே. நீ கேட்டால் அவர் பறவாயில்லை என்று சொல்லி உன்னை ஆற்ற வேண்டி வரும், அதுவும் அவருக்கு ஒரு வேலை. சமைத்துக்கொண்டு போ. உனக்கு ஒழுங்காய் வருவது பருப்பு ஒன்றுதான், அது போதும். ஒதுக்குப்புறமாய்க் கூப்பிட்டுக் குடுக்காதே. ஆட்கள் நிற்கும்போது குடு. அந்த றிச்சர்ட் நிற்கும்போது தமிழில் கதைத்துக் குடு.

படத்தையும் அனுப்பு. லிப்டில் காட்ட அல்ல. அந்த மனிசனின் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

அம்மம்மா

*

ஜெனீவா
30.06.2023

அன்பான அம்மம்மா,

போன வியாழன் அதே மண்டபத்தில் இன்னொரு வரவேற்பு. பருப்பும் சோறும் கொண்டு போனேன். வாசலில் பையைச் சோதித்த காவலாளிக்கு விளங்கப்படுத்தவே கன நேரம் எடுத்தது.

றிச்சர்டோடு நிற்கும்போது அருள்நாயகம் அண்ணை தட்டோடு வந்தார். "அண்ணை, அண்டைக்கு உங்கடை சாப்பாட்டை எனக்குத் தர வந்தியள். இது நான் சமைச்சது" என்றேன். அவர் தட்டை ஒரு மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினார்.

"தாங்க் யூ, மடம்" என்றார். ஒரு சொல் தமிழ் இல்லை.

"அப்படியென்றால் உனக்கு இவரைத் தெரியும்?" என்று றிச்சர்ட் கேட்டார். தெரியும், அன்றைக்கு உங்களுக்குப் பொய் சொன்னேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். செப்டெம்பர் வேலையைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. பெட்டியும் இன்னும் திரும்பி வரவில்லை.

அம்மம்மா, அந்தத் தாங்க் யூ எப்படி நோகும் என்று இப்போது தெரியும். சொன்னவளுக்கும் நொந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவின் பெட்டியை ஒருதரம் திறந்து பாருங்கள். சாப்பிட வேண்டாம். பார்த்தால் போதும்.

படம் இதனுள் இருக்கிறது.

சுபாங்கி

*

மல்வேர்ன்
17.07.2023

என் குஞ்சுவுக்கு,

படம் கிடைத்தது. அருள்நாயகத்துக்குக் களைத்த முகம். உன் பெட்டி திரும்பி வரும், இல்லை வராது. வெறுமையாக வந்தால் கழுவி, திரும்ப நிரப்பிக் கொண்டு போ. உன்னில் கோபமாய் இருக்க அந்த மனிசனுக்கு உரிமை இருக்கிறது. வேலை போனால் போகட்டும்.

நீ சொன்னதற்காக நான் பெட்டியைத் திறக்கவில்லை. மெலனி தன் மகன் வீட்டுக்குப் போயிருந்தாள், கறி பழுதாய்ப் போகும் என்று திறந்தேன். கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். துப்பரவாய் உப்பில்லை. இவ்வளவு வயதாகியும் இவளுக்கு உப்பு மட்டுக்கட்டத் தெரியவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

மெலனி வந்ததும் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எப்பவும் அப்பிடித்தானே. நான் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறன். உனக்குப் பிறஷர் எண்டபடியால் உப்பில்லாமல் செய்யிறாளாக்கும்" என்றாள்.

டொக்டர் என் உப்பை நிறுத்தியபோது நீ ஒன்பதாம் வகுப்பு. நான் உன் அம்மா யோகராணிக்குச் சொல்லவில்லை. நீ சொல்லியிருப்பாய். வீட்டுச் சட்டியில் மிஞ்சியதை அள்ளிக்கொண்டு வருகிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன். எனக்கென்று வேறாய் ஒரு சட்டி வைத்திருக்கிறாள். அதில் சமைத்ததை எல்லாம் பக்கத்து வீட்டில் உப்புப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். மெலனியின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. கதவைச் சாத்திக்கொண்டு குழம்பை முழுக்கச் சாப்பிட்டேன்.

மஞ்சள் சீலையை நான் மறக்கவில்லை. மறப்பேன் என்று நீ நினைக்காதே.

நேற்று ஞாயிறு. பயற்றம் பணியாரம் சுட்டுப் பெட்டிக்குள் அடுக்கி, மூடியை இறுக்கிக்கொண்டு கீழே போனேன். அவள் வழக்கம் போல ஒரு கையால் புதுப் பெட்டியைத் தந்து மற்றக் கையால் பழையதை வாங்கினாள். பாரத்தில் கை பதிந்தது. பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

மேலே வந்து பல்கணியில் நின்று பார்த்தேன். விசிற்றர் பார்க்கிங்கில் அவளுடைய கார் நின்றது. எனக்குக் கால் உளைந்து உள்ளே வரும்வரை அது அசையவில்லை.

அவள் தாங்க் யூ சொல்லவில்லை, பிள்ளை.

உன் அம்மம்மா
வள்ளிப்பிள்ளை