இரண்டாயிரத்துக்கு ஒரு கையெழுத்து

3 ஏப்ரல் 2020, வெள்ளி

இன்றும் பன்னிரண்டு கிலோ அரளி மொட்டைப் பறித்து வரப்பில் கொட்டினோம். பறிக்காமல் விட்டால் செடி கெட்டுவிடும்; பறித்தால் வாங்க ஆளில்லை. சேலம் பூ மார்க்கெட் பூட்டிக் கிடக்கிறது. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் நான். மாரியம்மன் கோயில் கதவு திறக்கட்டும் என்று என்னைப்போல் உருகி வேண்டுகிறவன் இந்த வெண்ணந்தூரில் இருக்க மாட்டான். சொன்னேன். என் மனைவி மரியபுஷ்பம் சிரிக்கவில்லை.

9 ஏப்ரல்

கொரோனா உதவியாக விவசாயிகளுக்கு இரண்டாயிரம் வருகிறதாம். யார் விவசாயி? சிட்டாவில் பேர் இருக்கிறவர்தானாம். மூன்று ஏக்கரும் ஜானகியம்மாள் பேரில். அவர் கொண்டப்பநாயக்கன்பட்டியில் மாடிவீட்டில் இருக்கிறார். செடி நட்டவன், பதினோரு வருஷமாகத் தண்ணீர் கட்டுகிறவன், வருஷம் தவறாமல் குத்தகை கொடுக்கிறவன் நான். எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

15 ஏப்ரல்

பணம் அந்தம்மாள் கணக்கில் ஏறிவிட்டது.

குத்தகை என்று அவர் எழுதிக் கொடுத்தால் அடுத்த தவணைக்கு மனுப் போட்டுப் பார்க்கலாம் என்றார் கிராம அதிகாரி. போன் செய்தேன்.

“ஏனுங்கம்மா, நான் குத்தகைக்கு ஓட்டறேன்னு ஒரே ஒரு வரி—”

“நமக்குள்ள எதுக்கு சாமி காயிதம்?”

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வழக்கமாகப் பிள்ளைகளை விசாரிப்பவர், உடனே வைத்துவிட்டார்.

“கேட்டிருக்கக் கூடாதுங்க. நெலத்தப் புடிச்சுக்குவோம்னு பயந்துக்குவாங்க” என்றாள் மரியபுஷ்பம். ஒரு வரி கேட்டதற்கா?

8 ஜூன், திங்கள்

ஜானகியம்மாளின் மகன் கௌதமன் காரில் வந்தான். “அந்தப் பணத்த உங்களுக்கே குடுக்கச் சொன்னாங்கண்ணா அம்மா.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பாக நினைத்தோமே என்று.

பிறகு ஒரு தாளை நீட்டினான். ‘தோட்டத்தில் வேலை செய்ததற்குக் கூலியாக ரூ.2000 பெற்றுக்கொண்டேன்.’

“கூலின்னு இருக்குதே, தம்பி?”

“சும்மா ஒரு கணக்குக்குங்கண்ணா.”

வீட்டில் அரிசி முடிந்து இரண்டு நாள். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

9 ஜூன்

மரியபுஷ்பம் அந்தப் பணத்தைத் தொடவில்லை. அரிசி வாங்க நானே போனேன்.

31 ஆகஸ்ட், திங்கள்

நாளை கோயில்கள் திறக்கின்றன. இன்று கௌதமன் வந்து தோட்டத்தை விடச் சொல்லிவிட்டான்.

ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டேன். பதினோரு வருஷக் குத்தகை என்றேன். அவன் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தான். “கூலிக்குத்தானுங்களே இருந்தாரு? அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு, பாருங்க.” வாங்கிப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். உபகாரசாமி. என் கையெழுத்துதான், கோணாமல் அழகாக இருந்தது.

அஞ்சு மாசம் வரப்புல கொட்டுனமே, அப்ப எங்கடா போனீங்க? நாசமாப் போங்கடா. அங்கே கேட்காததை இங்கே எழுதுகிறேன்.

1 செப்டம்பர்

அரளி கிலோ நூற்றெண்பது.

18 செப்டம்பர், வெள்ளி

புரட்டாசி பிறந்துவிட்டது. விலை இன்னும் ஏறுகிறது. பறிக்க ஆள் போதவில்லை என்று கௌதமன் சொல்லி அனுப்பினான். மரியபுஷ்பம் வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் போனேன். எந்தச் செடியில் மொட்டு அதிகம் பிடிக்கும் என்று என் கைக்குத் தெரியும். எல்லாரையும்விட முன்னால் முடித்துவிட்டேன்.

நூற்றைம்பது ரூபாய் கொடுத்துக் கணக்கு நோட்டை நீட்டினான். என் பேருக்கு நேரே ‘கூலி’ என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இந்த முறை எழுதியிருந்தது உண்மை.