நண்டு என்று சொன்ன நாள்

தொல்சோம் தீவு
12 செப்டம்பர் 1993

அன்புள்ள பில்நாம் அக்காவுக்கு,

தங்கை ஜம்ரே எழுதுவது. பூசான் மீன் சந்தையில் நாளெல்லாம் நின்று உன் கால் வீங்குமே, இப்போது தேவலையா? இங்கே காற்று மாறிவிட்டது. படகுகள் நண்டோடு வருகின்றன. நான் அந்தப் பக்கமே போவதில்லை.

அடுத்த மாதம் ஹேவொன் அப்பாவுக்கு ஆறாவது நினைவுநாள். இத்தனை வருஷமும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிவிட்டாய். இந்த முறையாவது வந்துவிடு. படத்துக்கு முன்னால் சோறு வைத்துக் கும்பிடும்போது, என் மனுஷி என்று பக்கத்தில் ஒருத்தி நின்றால் போதும் எனக்கு. போன வாரம்கூட அத்தை விருந்தாளிகள் முன்னால், "எம் புள்ளைக்கு நண்டு ஆக்கிப் போட்டுக் கொன்னவ இவதான்" என்றார். நான் பரிமாறிக்கொண்டே இருந்தேன். பொய் இல்லையே அக்கா. ஆக்கியது நான்தானே.

இன்னொரு விஷயம். ஹேவொனுக்குத் தொண்டை வீங்கி மூன்று நாளாகக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டப் படகேறிப் போக வேண்டும். முன்பு ஒரு தடவை உன் பல் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள், இரண்டே நாளில் கேட்டது என்பாயே, அந்த மாதிரி ஏதாவது மிச்சம் இருந்தால் தபாலில் அனுப்பேன்.

உன் அன்புத் தங்கை
ஜம்ரே


பூசான்
16 செப்டம்பர் 1993

என் ஜம்ரேவுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்ததும் உங்கள் ஊர்க் கடைக்குப் போன் போட்டேன். வீட்டில் கிடக்கும் எந்த மாத்திரையையும் பிள்ளைக்குக் கொடுக்காதே, இன்றைக்கே டாக்டரிடம் போ என்றேன். "ஏன்க்கா இப்படிப் பதறுற?" என்று கேட்டாய். எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அவர் செத்துப்போன அன்றைக்கு நான் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேனே. மாப்பிள்ளை பின்வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். ஓயாத இருமல். என் பையில் பல் டாக்டர் கொடுத்த கேப்சூல்கள் இருந்தன. ஏழு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். வலி போனதும் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டேன். மிச்சம் காகிதப் பொட்டலத்தில் கிடந்தது. பெயர்கூட எழுதாத பொட்டலம்.

"இந்தாங்க மாப்பிள, நல்ல மருந்து, ரெண்டு போட்டுக்கங்க" என்றேன்.

"பட்டணத்து மருந்தா? குடுங்க மதினி. இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு உங்க தங்கச்சியோட சண்டைகூடப் போட முடியல" என்று சிரித்தார். விழுங்கிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு நின்றது. படகு கரை சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த அவருடைய பட்டாளத்துச் சிநேகிதர் சொன்னார்: "பென்சிலின் ஊசி போட்டு ஒரு தடவ செத்துப் பொழச்சவன், பாவம், நண்டுல போயிட்டான்." பூசானுக்குத் திரும்பியதும் பல் டாக்டரிடம் ஓடினேன். நான் சாப்பிட்டதும் பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்தானாம். "ஒருத்தருக்கு எழுதினத இன்னொருத்தருக்குக் குடுக்கலாமா? முன்னாடி எதுவும் ஒத்துக்காமப் போயிருக்கான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை ஜம்ரே. கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்.

அவரைக் கொன்றது உன் நண்டு இல்லை.

நம் இரண்டு பேருக்கும் நடுவில்தான் அவர் மூச்சு நின்றது. ஆனால் என் காதில் அது இன்னும் நிற்கவில்லை. சந்தையில் முதுகுக்குப் பின்னால் யார் இருமினாலும் அவர் இருமல்தான். திரும்பிப் பார்ப்பேன், யாரோ மீன் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். அவருடைய நினைவுநாளுக்கு எந்த முகத்தோடு வருவேன்?

பாவி
பில்நாம்


பூசான்
7 அக்டோபர் 1993

ஜம்ரே,

மூன்று வாரமாகிறது. போன் போட்டால் நீ வேலையாக இருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். ஹேவொனுக்கு எப்படி இருக்கிறது? அதையாவது அவரிடம் சொல்லி வையம்மா.

நேற்றுப் பக்கத்துக் கடைக்காரி குழந்தையின் சளிக்கு மிச்ச மருந்து இருக்கிறதா என்று கேட்டாள். நான் போட்ட கூச்சலில் சந்தையே திரும்பிப் பார்த்தது. அந்தக் கூட்டத்தில், வலை ஊசியும் கையுமாக, அவரும் நின்று பார்த்தார்.

நான் வரட்டுமா, வேண்டாமா? ஒரு வரி எழுது.

அக்கா


தொல்சோம் தீவு
22 அக்டோபர் 1993

அக்கா,

ஹேவொன் நன்றாக இருக்கிறாள். நீ போன் செய்த அன்றைக்கே படகேறினோம். துக்கத்தில் அவர் சிநேகிதர் சொன்னதை நானும் கேட்டிருந்தேன், அதனால் அப்பாவுக்குப் பென்சிலின் ஆகாது என்று டாக்டரிடம் சொன்னேன். அப்பாவுக்கு ஆகாதது பிள்ளைக்கும் ஆகாமல் போக வேண்டும் என்றில்லையாம். இருந்தாலும் வேறு வகை மருந்தே எழுதினார். காய்ச்சல் விட்ட பிறகும் அவர் சொன்ன கடைசி நாள் வரை கொடுத்தேன்.

உன் கடிதம் அதற்கு அப்புறம்தான் வந்தது. படிக்கத் தெரியாத அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மறுநாள் காலையில் அவர் எனக்கு முன்னால் எழுந்து சோறாக்கி, முதல் கிண்ணத்தை என் முன்னால் வைத்தார். "ஆறு வருசமா ஒன்ன என்னென்ன சொல்லிட்டேன்" என்று அழுதார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

நீ மாத்திரை கொடுத்ததற்காக உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அதே மாத்திரையைத்தான் நானும் என் பிள்ளைக்குக் கேட்டேன்.

ஆனால் கரையில், "சாகறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்டாரே, நினைவிருக்கிறதா? நண்டு என்று நான் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்போது சொல்லியிருந்தாலும் அவர் எழுந்து வந்திருக்க மாட்டார், தெரியும். ஆனால் நான் பிழைத்திருப்பேன்.

நேற்று நினைவுநாள் முடிந்தது. வரட்டுமா என்று நீ கேட்டதற்கு வா என்று எழுதவில்லை, இனியும் எழுத மாட்டேன். அங்கே அவர் உன் பின்னால் நிற்கிறார் என்கிறாய். இங்கே படத்துக்கு முன்னால் வருஷா வருஷம் நெற்றி தரையில் பட விழுந்து, நண்டுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். என்ன நடந்தது என்று செத்தவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

கால் வீக்கத்தை டாக்டரிடம் காட்டு.

ஹேவொனின் அம்மா