மூடியிருந்த சாக்கடை

செம்பாறைப்பட்டி,
இலுப்பூர் வட்டம்.
27.1.2025

அன்பு மகன் பிரவீன்குமாருக்கு,

அம்மா எழுதுகிறேன். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நானும் உன் தங்கை அருணாவும் இருக்கிறோம். நம் தெருப் பிச்சையண்ணன் லீவு முடிந்து புதன்கிழமை தோஹாவுக்குக் கிளம்புகிறார். நார்த்தங்காய் ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். நான் பேசும்போது அருணா பக்கத்தில் இருப்பாள். உன் அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள். பல்வலி என்றாயே, பிடுங்கிவிட்டாயா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

போன வெள்ளிக்கிழமை நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அப்பா குடிச்சிருந்தாராம்ல, ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. எங்கிட்ட ஏம்மா மறைச்சீங்க" என்று கேட்டாய். நீ போனை வைத்துவிட்டாய். அதன் பிறகு கூப்பிடவில்லை.

உன் அப்பா குடிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தவர். ஒரு நாளாவது அந்த வாடை வந்திருந்தால் எனக்குத் தெரியாதா? மாரடைப்பு என்று அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னதும் பொய்தான். வீடு நிறைய ஆட்கள் நின்றார்கள், யார் முன்னால் எதைச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நம் தெருச் சாக்கடைக்கு மூடி போட்டாயிற்று என்று பேரூராட்சியில் போர்டு எழுதி வைத்தது உனக்குத் தெரியும். ஒரு சிலாப் கூடப் போடவில்லை. அப்பா போவதற்கு முந்தைய வருஷம் ஆடி மாதம் அவர் தகவல் கேட்டு மனுப் போட்டார். வேலை எப்போது முடிந்தது, யார் வந்து பார்த்தார்கள், போட்டோ இருந்தால் கொடுங்கள், இவ்வளவுதான் கேட்டார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. தெரு நெடுக சிலாப் போட்டாயிற்று என்று எழுதி, போட்டோவும் வைத்திருந்தார்கள். அந்தப் போட்டோ பின்தெருவில் எடுத்தது. நம் தெருக் கண்ணாத்தாளின் அண்ணன் வீட்டு நீலக் கேட் அதில் பளிச்சென்று தெரிந்தது. அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

சாயங்காலம் அருணா ஆபீஸிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே அவளாகவே சொன்னாள்: "நான்தாம்பா டைப் அடிச்சேன். சார் சொல்லச் சொல்ல அடிச்சேன்." பேரூராட்சியில் ஒப்பந்த வேலை, சொன்னதை அடிக்காமல் என்ன செய்வாள். அப்பா கேட்டது ஒன்றுதான்.

"போட்டோ எந்தத் தெருன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்பா" என்றாள்.

அன்றோடு அவர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல், பிரவீன். ஒரே வீட்டில். அவள் தட்டு வைத்தால் நான் வந்து சோறு போட வேண்டும். அவளுக்கு வேலை கிடைத்ததில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நீ போனில் சொல்லும்போதெல்லாம் நான் வேறு பேச்சை எடுப்பேன், கவனித்தாயோ என்னவோ.

அப்பா விடவில்லை. மேல்முறையீடு செய்தார். விசாரணைக்கு வா என்று காலையில் கூப்பிடுவார்கள், மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார வைப்பார்கள், செயல் அலுவலர் வெளியே போய்விட்டார் என்று அனுப்பி விடுவார்கள். எதிரில் அருணா கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பாள். அப்படி நான்கு தடவை. கடைசியில் சென்னைத் தகவல் ஆணையத்துக்கு எழுதிப் போட்டார்.

அக்டோபரில் அந்த வியாழக்கிழமை நல்ல மழை. சாயங்காலம் ஆறரை மணிக்குப் பால் வாங்கப் போனார். தெருவிளக்கு எரியவில்லை. ரோட்டுத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் கிடந்தன. எதிரே வேன் வந்தது, வழி விட்டு ஓர் எட்டு ஒதுங்கினார். வாசலில் நின்ற கண்ணாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். விழுந்தவர் தலை உள்சுவரில் அடித்திருக்கிறது. அவள் கத்தி ஆட்கள் வந்து தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. மூக்கிலும் வாயிலும் இருந்த சேற்றை அவள்தான் கழுவினாள். என்னால் முடியவில்லை.

போலீஸ் வந்து, புதுக்கோட்டையில் அறுத்துப் பார்த்து, மறுநாள் மத்தியானம் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். கூடத்தில் அவரைப் போட்டிருக்கிறோம், வெளியே டிராக்டர் சத்தம். சிலாப் வந்து இறங்குகிறது. ஏழெட்டுப் பேர் ஓடி ஓடிப் போடுகிறார்கள். தெரு ஆட்கள் போய்க் கேட்டதற்கு, "பாடிய எடுக்கிறதுக்கு முன்னாடி முடிக்கச் சொல்லிருக்காங்க, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றார்களாம். முடித்தும் விட்டார்கள். வாசலில் கூட்டம் கொள்ளாமல், அந்தச் சிலாப் மேல்தான் அவரை வைத்துத் தூக்கினார்கள். நீ அன்று வீடியோவில் பார்த்தது அதைத்தான்.

ஐந்தாம் நாள் பேரூராட்சித் தலைவியின் வீட்டுக்காரர் நல்லதம்பி வந்தார். தலைவி பெயருக்குத்தான், ஆபீஸை நடத்துவது இவர் என்று உனக்குத் தெரியும். ஒரு மூட்டை அரிசி கொண்டு வந்தார். என் எதிரில் தரையில் உட்கார்ந்து தேம்பி அழுதார். "அண்ணன் கேட்டத அண்ணன் இருக்கும்போதே செய்யாமப் போய்ட்டோமேக்கா" என்றார். எனக்கே மனசு இளகிவிட்டது. போகும்போதுதான் சொன்னார்: "சாவு சர்டிபிகேட் நம்ம ஆபீஸ்லதாங்க்கா குடுக்கணும். நான் பாத்துக்கிறேன். நீங்க அலையாதீங்க."

ஒரு மாதம் நடந்தேன். சர்வர் இல்லை என்றார்கள், போலீஸ் காகிதம் வரவில்லை என்றார்கள். அந்தச் சர்டிபிகேட் இல்லாமல் குடும்பப் பென்ஷனுக்கு எழுதிப் போட முடியாது. பிறகு ஒரு நாள் அருணா ஒரு காகிதம் கொண்டு வந்தாள். அதையும் அவள்தான் டைப் செய்திருக்கிறாள். என் முன்னால் பேனாவோடு வைத்துவிட்டு, "படிக்காமப் போடும்மா" என்றாள்.

படித்தேன். என் கணவருக்குக் குடிப்பழக்கம் உண்டு, சம்பவத்தன்று குடித்திருந்தார், சாக்கடை முழுவதும் சிலாப் போட்டு மூடியிருந்தது, நிலைதடுமாறிக் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார், எனக்கு யார் மீதும் புகார் இல்லை என்று இருந்தது. அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். "அந்த ரிப்போர்ட் வர மாசக்கணக்குல ஆகும். வந்தாலும் நாம கேட்டாத்தானம்மா அதப் பாப்பாங்க" என்றாள். அவளுடைய ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது, நீடிக்கலாமா என்று பார்ப்பதாக நல்லதம்பி சொல்லியிருக்கிறார். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராஜலட்சுமி என்று முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாட்சி சொல்ல வருகிறேன் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த கண்ணாத்தாள் மறுநாள் வந்து, "நீயே எழுதிக் குடுத்திட்டியாம்ல" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு நம் வீட்டுப் படி ஏறவில்லை. ஊருக்குள் எப்படிப் பரவியது என்று நீ கேட்க வேண்டியதில்லை. டீக்கடையில் அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸைக் காட்டினார்களாம்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டும் சர்டிபிகேட் வரவில்லை. மார்கழி முழுக்க வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் அப்பா பெயருக்குச் சென்னையிலிருந்து தபால் வந்தது. அவருடைய மனு விசாரணைக்கு வருகிறது, நேரில் ஆஜராக வேண்டும் என்று போட்டிருந்தது. தபால்காரர் என்னிடம் கொடுக்கத் தயங்கி நின்றார். நான்கே நாளில் அருணா சர்டிபிகேட்டைக் கொண்டு வந்து கொடுத்தாள். கடைசியில் மனசு வைத்தார்களே என்று நான் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அருணா சொன்னாள்: "நமக்காகப் போடலம்மா. மனுதாரர் செத்துட்டாரு, கேஸ முடிச்சிருங்கன்னு கமிஷனுக்கு அனுப்பணும்ல. அதுக்குப் போட்டாங்க. கூட ஒரு காப்பி எடுத்தேன்."

அந்தக் கடிதத்தையும் அவளே டைப் செய்தாள்.

அவளுக்கு இன்னொரு வருஷம் வேலை நீட்டித்திருக்கிறார்கள். அவளைத் திட்டாதே பிரவீன். இதில் எதையும் அவளிடம் கேட்காதே. சாப்பிட உட்கார்ந்தால் திடீரென்று, "அப்பா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாராம்மா" என்று கேட்கிறாள். ஒங்கிட்டப் பேசணும்னுதான் இருந்தார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் சொன்னது வேறு. "அவ சம்பளத்துல வாங்குன அரிசிய எனக்குப் பொங்காத" என்றார். நான் தனியாகப் பொங்குவதாகச் சொல்லிவிட்டு, இரண்டையும் ஒரே பானையில்தான் பொங்கினேன்.

அவளுக்கு வரன் ஒன்று வந்திருக்கிறது, ஆவுடையார்கோவில் பக்கம். பையன் நல்லவன் என்கிறார்கள். அப்பா குடித்துச் செத்தவராமே என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. இல்லை என்றால் நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகும், அவள் வேலையும் போகும், கல்யாணமும் போகும். பரவாயில்லை, அது அந்தக் காலத்து ஆம்பளைகள் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னார்களாம். நான் கும்பிட்டேன்.

நீ லீவு கேட்டு வராதே. வந்தால் உன்னால் சும்மா இருக்க முடியாது. கல்யாணம் முடியட்டும், அவள் இந்த ஊரை விட்டுப் போகட்டும். நீயும் எந்த ஆபீஸுக்கும் எதையும் எழுத வேண்டாம். அப்பா எழுதினது போதும். படித்து முடித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்கிறேன். இந்த ஊரில் இனி யாரிடமும் என்னால் அதைச் சொல்ல முடியாது. உன் அறையில் இருக்கும் பிள்ளைகள் எந்தெந்த ஊரோ, நம்மை யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களில் யாராவது உன் அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டால், பால் வாங்கப் போய் மூடி இல்லாத சாக்கடையில் விழுந்து செத்தார், அவர் குடிக்க மாட்டார் என்று சொல்லு. கேட்காவிட்டாலும் யாரிடமாவது ஒரு தடவை சொல்லு சாமி. நீ நல்லா இருப்பாய்.

உன் அம்மா,
ஆ. ராஜலட்சுமி