நீலம் எடுத்தாச்சு

வியாழன், ராத்திரி

காலேஜ் ப்ராஜெக்ட் ஒருவழியா முடிஞ்சுது. அந்தக் காலத்துல கலர்ப் படம் எடுத்த மாதிரியே எடுக்கணும்னு நான்தான் ஆசைப்பட்டேன். ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித்தாள் வழியா கறுப்பு வெள்ளையில தனித்தனியா எடுத்து, அப்புறம் அந்தந்த நிறம் கொடுத்து ஒன்னு மேல ஒன்னா சேர்க்கணும். நடுவுல ஆள் அசைஞ்சா நிறம் பிரிஞ்சிடும். நேத்து உப்பளத்துல அப்பா உப்பு வார்றதை எடுத்தேன். மூணு நிறத்துல மூணு அப்பா வந்தாரு. நாளைக்குள்ள கொடுக்கணும், அழுகையே வந்துடுச்சு.

இன்னைக்கு ஒவ்வொரு நிறம் எடுக்கும்போதும் அப்பா உப்பு வார்ற பலகையோட அப்படியே நின்னாரு. பக்கத்துப் பாத்தி வள்ளி அக்கா சிரிச்சாங்க. "என்னண்ணே, சிலையா நிக்கிறீங்க?"

"பேசாதம்மா, கலர் கலைஞ்சிடும்."

கடைசி நிறம் எடுக்கப் போறப்ப மழை தூற ஆரம்பிச்சுது. குவிச்ச உப்பு திறந்து கெடக்குது. நான் கத்தினேன். "போதும்பா, போய் மூடுங்க!"

அவர் உதடு மட்டும் அசைஞ்சுது. "நீலம் எடுத்துட்டியா?"

எடுத்தேன். ரெண்டு பேரும் தார்ப்பாயை இழுத்துக்கிட்டு ஓடினோம். மேலாப்புலதான் நனைஞ்சுது, உப்பு தப்பிச்சுது.

சாயங்காலம் சேர்த்துப் பார்த்தேன். ஒரே அப்பா, முழு நிறத்துல. அப்பாடான்னு இருந்துச்சு. அவருக்கும் காட்டினேன். "இவ்ளோ கறுத்துட்டேனா?"ன்னாரு. இப்ப அசந்து தூங்குறாரு. எனக்கும் கண்ணு சொருகுது.