பாப்பா எத்தனை மணிக்கு இறங்குவா?

என்னங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. நான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டேன்.

பாப்பா டிக்கெட்ல நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏறி, இன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு இறங்குதுன்னு போட்டிருக்கு. முழுசா ஒரு நாளா பறக்கும்? பதினாலு மணி நேரம்தான்னு அவளே சொன்னா. (போனப்ப பதினாறு. அதே தூரம்தானே? காத்து தள்ளுதாம்!) இறங்குற நேரம் நம்ம ஊர்க் கடிகாரம்னு மாடி வீட்டு டீச்சர் சொல்றாங்க. நீங்களோ, அங்க வாங்கின டிக்கெட், ரெண்டுமே அந்த ஊர் நேரம், நடுராத்திரிதான் வருவான்னு ஒத்தைக் கால்ல நிக்கிறீங்க. எனக்குத் தலை சுத்துது. எப்ப வந்தாலும் வரட்டும், அங்கேயே உக்காந்திருக்கேன்.

சாப்பாடு மேசைமேல மூடியிருக்கு. வெளிய போனா சாவியை டீச்சர்கிட்ட குடுங்க.

காலைல கத்தினதை மனசுல வெச்சுக்காதீங்க.

மறந்துட்டேன்: அவ ரூம் ஃபேன் சத்தம் போடுது, பாருங்க.

இன்னொண்ணு. அவ வந்ததும் வராததுமா "எத்தனை நாள் லீவு?"ன்னு கேக்காதீங்க. போன தடவை வாசல்லயே கேட்டீங்க, எப்பக் கிளம்புவேன்னு கேக்குறாரேன்னு அழுதா. நாள் போதலையேங்கிற தவிப்புலதான் கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.