தண்ணீரைக் குறைக்கச் சொன்னவள்

என் முயல்குட்டிக்கு,

உன் பாட்டி எழுதுகிறேன். நீயும் பிள்ளையும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா நலம். என் கைக்கட்டு அவிழ்த்தாயிற்று.

முதலில் நல்ல செய்தி. உன் அண்ணன் கட்டிய பாலத்தில் போன மாதம் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. பேப்பரில் வந்த படத்தில் அவன் ஓரமாக, பாதிக் காதோடு தெரிகிறான். வெட்டி வைத்திருக்கிறேன். உன் மாமா மகள் பல் டாக்டர் பரீட்சையில் மூன்றாவதாகத் தேறிவிட்டாள். இனி நம் வீட்டில் யாரும் வாயைத் திறக்காமல் தப்பிக்க முடியாது. உன் தம்பி லாரி லைசென்ஸை முதல் தடவையிலேயே வாங்கிவிட்டான். எல்லோருக்கும் மேல் நீ, விளையாட்டு டீச்சர், நூறு பெண் பிள்ளைகளை ஓடவும் தாண்டவும் வைத்தவள். பக்கத்து வீட்டம்மா, "உங்க வீட்ல யாராச்சும் ஃபெயிலானா சொல்லி அனுப்புங்க, அன்னிக்கு மட்டும் வர்றேன்" என்கிறாள். அந்த அளவுக்குப் பேசி வைத்திருக்கிறேன்.

இதில் ஒன்றையும் நான் நேரில் போய்ப் பார்த்ததில்லை. உன் பட்டமளிப்புக்கு மூட்டு வலி என்று சொன்னேன். என் மூட்டுக்கு ஒன்றும் இல்லை.

போனில் இதைப் பேச முடியாது. அது கூடத்து மேசையில் ஸ்பீக்கர் போட்டுக் கிடக்கிறது, ஆளாளுக்கு எட்டிப் பார்க்கிறார்கள். அதனால் ஐந்தாம் வகுப்பு படித்த கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது ஒரு போட்டோ அனுப்பினாய். எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். கறுப்பு உடுப்பு. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாய். மடியில் பை. நீ கறுப்பு உடுத்துகிறவள் இல்லை. எழுந்து போய்ப் பழைய ஆல்பத்தைப் பிரித்தேன். உன் அம்மா பிறந்ததிலிருந்து இந்த ஐம்பத்திரண்டு வருஷத்தில் நான் இருக்கிற படம் எல்லாவற்றிலும் கருநீலப் புடவை, மடியில் பை.

பிள்ளைக்கு மூன்றாம் மாதம், நீ இங்கே இருந்தபோதே, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாய். தும்மினால் நனைகிறது, பிள்ளையைத் தூக்கினால் நனைகிறது, கீழே ஏதோ இறங்கி நிற்கிற மாதிரி பாரமாக இருக்கிறது என்று. நான் சொன்ன பதில் அட்சரம் தப்பாமல் நினைவிருக்கிறது. "பெத்தவங்க எல்லாருக்கும் உள்ளதுதான்டி. வெளிய சொல்லிட்டுத் திரியாதே. கறுப்பா உடுத்திக்கோ, தண்ணியைக் குறைச்சுக்கோ." நீ சரி பாட்டி என்றாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ பேசவே இல்லை.

பெரியவள் பேச்சைக் கேட்டுத் தண்ணீரைக் குறைத்தாய். காய்ச்சல் வந்து, கிருமி சிறுநீரகம் வரை ஏறி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை வேறு அழுதது. ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு மறந்துவிட்டேன் என்றாயாம். பாட்டி சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் கூடத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது தரையில் தண்ணீர் சிந்திக் கிடந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது தண்ணீர் இல்லை. துடைத்த உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு பெண்கள் டாக்டரிடம் கூட்டிப் போனாள். கர்ப்பப்பை நன்றாக இறங்கிவிட்டதாம். தாங்கிப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம் வைத்து, பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

தாழ்வாரத்துக் கடைசி அறை. மேசையில் ஒரு எலும்பு இடுப்பு, பொம்மைதான். பிசியோ செய்கிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். கதவைச் சாத்தி, திரையை இழுத்து, என் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் கையுறை மாட்டினாள். அடியில் இருக்கிற தசையை உள்ளே இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். நான் மூச்சைப் பிடித்து முழுப் பலத்தோடு முக்கினேன். "பாட்டி, நான் மேல தூக்கச் சொன்னா நீங்க கல்லையா தள்றீங்க? கீழ தள்ளினா கீழதான் வரும்" என்றாள். வெளியே கிளம்புமுன் கக்கூஸில் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை முக்கி இறக்கிவிட்டால் வழியில் நனையாது என்று அத்தனை வருஷமும் அதைத்தானே செய்தேன். நானே தள்ளி இறக்கியிருக்கிறேன்.

சரியாகிவிடுமா என்று கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. "கொஞ்சம் குறையும் பாட்டி. முழுசாப் போகாது. அம்பது வருஷம் லேட்டா வந்திருக்கீங்க." என் பேத்திக்குப் பிள்ளை பிறந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அவங்களைத் தள்ளிப் போடாம வரச் சொல்லுங்க. நிறைய பேர் மறுபடி ஓடியிருக்காங்க" என்றாள்.

உனக்கும் ஆஸ்பத்திரியில் பிசியோவுக்குச் சீட்டு கொடுத்தார்களாம். நீ அதைப் பிள்ளைத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாய், பள்ளிக்கூட வேலையையும் விடப் போகிறாய் என்று உன் வீட்டுக்காரர் இங்கே வந்தபோது சொல்லி வருத்தப்பட்டார்.

என் தங்கை சாகக் கிடந்தபோது, அவள் ஊருக்கு பஸ்ஸில் ஏழு மணி நேரம். நான் ஏறவில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டை என்றார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவளும் அப்படியே நினைத்துக்கொண்டுதான் போனாள். உனக்கும் ஒரு தம்பி இருக்கிறான்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்தாள். அடுப்படிக்குப் போய் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். பிறகு இன்னொன்று. அவளுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் நான் சொன்னதை எல்லாம் விட்டுவிடு. தண்ணீர் குடி. முக்காதே. காற்று பிரியாமல் அடக்குகிற மாதிரி உள்ளே, மேலே இழுக்க வேண்டும், மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் என் பேச்சை நம்பி நீயாகச் செய்யாதே, ஒரு தடவை என்னை நம்பியது போதும். சீட்டை எடுத்துக்கொண்டு போ. இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரரிடம் கொடு, அவரும் கூட வரட்டும். வேலையை விடுகிற கடிதத்தைக் கொடுக்காதே.

உனக்குத் தீர்க்காயுசு. உன் உடம்பு உனக்குத் திரும்பி வரட்டும்.

மூன்று நான்கு மாதம் போகட்டும். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து, நின்றபடி ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. பை வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பாட்டி